இருபத்தைந்தாவது சுருதி

கர்நாடக இசையில் சுருதிகள் 22 என்று காலங்காலமாகச் சொல்லி வந்ததை எங்கள் நெல்லைச் சீமையில் பிறந்த ஆபிரகாம் பண்டிதர் ஒத்துக்கொள்ளவில்லை. 24 என்று வாதாடி, ஆயிரம் பக்கத்தைத் தாண்டும் ‘கருணாமிர்த சாகரம்’ நூலை 1917இல் வெளியிட்டார். எங்கள் அம்மா பாடியதைக் கேட்டிருந்தால் இன்னும் ஒன்றைக் கூட்டியிருப்பார். இருபத்தைந்தாவது சுருதி அம்மாவிடம் மட்டும்தான் இருந்தது.

சுருதிதான் அப்படியே தவிர, பாட்டுக்குப் பஞ்சமில்லை. பாளையங்கோட்டைப் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் பாமாலையும் கீர்த்தனையும் கட்டாயம் இருக்கும். பாமாலை வெள்ளைக்கார மெட்டு, கொஞ்சம் விறைப்பு. கீர்த்தனை நம்ம ஊர்ச் சரக்கு. ராகம், தாளம், பல்லவி, அனுபல்லவி, சரணம் எல்லாம் போட்டிருக்கும். இப்படிப் பல கீர்த்தனைகளை எழுதியவரும் தஞ்சாவூர் சரபோஜி மன்னரின் அரசவையில் புலவராக இருந்தவருமான வேதநாயக சாஸ்திரியார் 1774இல் பிறந்தது திருநெல்வேலியில்தான். அந்த ஒரு காரணத்தால் அம்மாவுக்கு அவர் சொந்தக்காரர் ஆகிவிட்டார். “சாஸ்திரியார் இந்த எடத்துல இழுத்துத்தான் பாடியிருப்பாரு” என்பாள், நேரில் உட்கார்ந்து கேட்டவள் மாதிரி.

வீட்டில் சுவர்க் கடிகாரம் இருந்தும் அடுப்படியில் அதற்கு மரியாதை கிடையாது. இடியாப்பம் வேக ஒரு கீர்த்தனை. குழம்பு வற்ற மூன்று. முட்டை அவிக்க எவ்வளவு நேரம் என்று அப்பா ஒரு நாள் கேட்டார். “மூணு சரணம்” என்று பதில் வந்தது. அம்மா கடைக்குப் போயிருந்த நேரத்தில் அப்பா மூன்று சரணத்தையும் சினிமாப் பாட்டு வேகத்தில் பாடி முடித்து முட்டையை உடைத்தார். மஞ்சள் கரு முழங்கை வரை வழிந்தது. திரும்பி வந்த அம்மா பார்த்துவிட்டு, “தாளம் தப்பிட்டு” என்று மட்டும் சொன்னாள்.

இரவு எட்டு மணிக்குக் குடும்ப ஜெபம். பாயை விரித்து எல்லாரும் முழங்கால் போட வேண்டும். அம்மா யாரையும் நேருக்கு நேர் திட்டியது அபூர்வம். திட்ட வேண்டியதையெல்லாம் மேலிடத்துக்கு மனுவாக அனுப்பிவிடுவாள், எங்கள் காதில் விழும்படி.

“பரம பிதாவே, கணக்குல முப்பத்திரண்டு மார்க்கு வாங்கி, அந்தப் பேப்பரை அரிசிப் பானைக்குப் பின்னால ஒளிச்சு வச்சிருக்கிற இந்தச் சின்னப் பிள்ளைக்கு நல்ல புத்தியைத் தந்தருளும்.”

பக்கத்தில் அக்கா சிரிப்பை அடக்க முடியாமல் நெளிவாள். “கண்ணாடிக்கு முன்னாலேயே காலத்தைக் கழிக்கிற மூத்த பிள்ளையையும் நினைத்தருளும்” என்றதும் நெளிவு நிற்கும். கடைசியில் அப்பா. “டாக்டர் கூடாதுன்னு சொன்ன பிறகும் உம்முடைய அடியான் தெருமுனையில நின்னு பீடி குடிக்கிறதை நீர் பார்த்துக்கிட்டுத்தானே இருக்கிறீர், ஆண்டவரே?” ஆண்டவர் பார்த்தது சரி, அம்மாவுக்கு யார் சொன்னார்கள் என்பது அப்பாவுக்குக் கடைசி வரை பிடிபடவில்லை. மறுத்துப் பேசவும் வழியில்லை; ஜெபத்தில் குறுக்கிட்டால் அது மறுநாள் மனுவில் ஏறிவிடும். ஆமென் சொன்ன மறு நொடியே வேதாகமத் தமிழ் போய், “ஏல, எந்திச்சுத் தட்டை எடுத்து வையி” என்று நெல்லைத் தமிழ் திரும்பிவிடும்.

உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசியை ஆண்டவருக்கென்று தனி டப்பாவில் போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். டப்பா நிறைந்ததும் கோயிலுக்குப் போகும். ஆராதனை முடிந்து, காணிக்கையாக வந்த அரிசி, முருங்கைக்காய், முட்டை எல்லாம் ஏலத்துக்கு வரும். தான் கொடுத்த அரிசி அடிமாட்டு விலைக்குப் போவதை அம்மாவால் பொறுக்க முடியாது. தானே விலையை ஏற்றித் தானே எடுத்துவிடுவாள். ஒரே அரிசிக்குக் கடையில் ஒரு தடவை, கோயிலில் ஒரு தடவை பணம் கொடுத்த மனிதர் எங்கள் அப்பா. முணுமுணுத்தால், “ஆண்டவர் காரியத்துல கணக்குப் பாக்கப்பிடாது” என்பாள். வாங்கி வந்த அரிசியை உலையில் போடும்போது அதிலிருந்தும் ஒரு கைப்பிடி டப்பாவுக்குப் போகும்.

பாடகர் குழுவில் அம்மாவுக்கு இடம் கிடைக்கவில்லை. நஷ்டம் குழுவுக்குத்தான். உள்ளே இருந்திருந்தால் நடத்துகிறவர் பேச்சைக் கேட்டிருப்பாள். வெளியே தனி ராஜ்ஜியம். எல்லாரும் இரண்டாம் சரணத்துக்குப் போன பிறகும் அம்மா முதல் சரணத்தின் கடைசி வரியை மனநிறைவோடு முடித்துக்கொண்டிருப்பாள். ஆர்மோனியக்காரர் அவளைத் தன் சுருதிக்கு இழுக்க ஆன மட்டும் பார்த்தார். பிறகு அவரே கட்டையை மாற்றி அம்மாவிடம் வந்து சேர்ந்தார்.

அம்மாவின் அடக்க ஆராதனையில் சுருதி சுத்தமாகப் பாடினார்கள். “யாருமே இழுக்கலையே, சட்டுனு முடிஞ்சிட்டே” என்றார் அப்பா. அதோடு பீடியையும் விட்டுவிட்டார். எப்படி முடிந்தது என்று கேட்டேன். “முன்னாலயாவது மனு மேல போகணும். இப்ப அவளே அங்க போயி உக்காந்திருக்கா. எப்படில குடிக்க?” என்றார்.

எனக்குச் சங்கீத ஞானம் குறைவு. ஆனாலும் அம்மா இருக்கிற வீட்டுக்காரர்களுக்கு ஒன்று சொல்வேன். அவர் பாடும்போது சுருதி சேரவில்லை என்று தோன்றினால், டிவி ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள். தப்பு அதில்தான் இருக்கும். அணைத்துவிடுங்கள்.