சுவரை மூடும் முன்

எடிசன், நியூ ஜெர்சி

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

குடும்பக் குழுவில் நான் போடும் படங்களைப் பார்த்துவிட்டு, "இவன் வீடு கட்டுகிறானா, இடிக்கிறானா?" என்று கேட்டீர்களாம். இரண்டும்தான் நடக்கிறது. கீழ்த்தள அறையைப் பிரித்துப்போட்டு, உச்சியில் ஊஞ்சல் கொக்கி மாட்டும் வேலை.

ஒன்பது இஞ்சுக்குக் குறைந்த எதையும் சுவர் என்று ஒப்புக்கொள்ளாத மேஸ்திரி நீங்கள். இங்கே மரச்சட்டம் நிறுத்தி, இரண்டு பக்கமும் அரை இஞ்ச் ஜிப்சம் பலகையைத் திருகிவிட்டால் அதற்குப் பெயர் சுவர். தட்டினால் தவில் மாதிரி பேசும். அந்தச் சட்டத்துக்கு 'டூ பை ஃபோர்' என்று பெயர். அளந்தால் ஒன்றரைக்கு மூன்றரை இஞ்ச்தான் இருக்கிறது. மீதி காய்ந்ததிலும் இழைத்ததிலும் போய்விட்டதாம். நம்மூர் மரவாடியில் இப்படிச் சொல்லியிருந்தால் நீங்கள் பஞ்சாயத்தைக் கூட்டியிருப்பீர்கள். இங்கே எல்லாரும் சிரித்த முகத்தோடு வாங்கிப்போகிறார்கள்.

சட்டங்கள் பெரும்பாலும் 16 இஞ்சுக்கு ஒன்று. அளவு டேப்பிலேயே 16, 32, 48 என்று அந்த இடங்களைச் சிவப்பில் குறித்திருப்பான். ஆனால் பலகையை மூடிப் பெயின்ட் அடித்துவிட்டால் எது எங்கே என்று யாருக்கும் தெரியாது. மரம் இருக்கும் இடத்தைக் காட்ட ஒரு கருவி விற்கிறார்கள். அது மரத்துக்கும் கத்தும், சில நேரம் தண்ணீர்க் குழாய்க்கும் கத்தும். அதை நம்பித் துளை போட எனக்குத் தைரியம் இல்லை.

அதனால்தான் அத்தனை படம். மூடும் முன் ஒவ்வொரு சுவரையும், மேலே ஒவ்வொரு விட்டத்தையும், பக்கத்தில் டேப்பை நீட்டிப் பிடித்து எடுத்துவைக்கிறோம். டேப் பிடிப்பது நான், படம் எடுப்பது உங்கள் மருமகள். "கையை எடுங்க, நம்பர் மறைக்குது" என்பதுதான் இப்போது எங்கள் வீட்டில் அதிகம் கேட்கிற வசனம். எங்கள் கல்யாண ஆல்பத்தைவிட இது தடிமன். "வயர் மட்டும்தானே தெரியுது, புள்ளைங்க எங்கே?" என்று சின்ன அத்தை கேட்டதற்கு இதுதான் பதில்.

நகராட்சி ஆள் வந்து பார்த்து ஒப்புதல் தந்தால்தான் மூட முடியும். வந்தவர் டார்ச் அடித்து ஒவ்வொரு சட்டமாகப் பார்த்தார். மின்கம்பி போகும் துளை சட்டத்தின் விளிம்பிலிருந்து ஒன்றேகால் இஞ்சுக்குள் இருந்தால், அந்த இடத்தில் ஓர் இரும்புத் தகடு அடிக்க வேண்டும். பிறகு திருகும் ஆணி கம்பியைக் குத்தாமல் தடுக்க. இதைப் பார்த்தபோது மட்டும் இந்த ஊரின் மீது எனக்கு ஒரு மரியாதை வந்தது. சுவர் லேசுதான், ஆனால் உள்ளே இருக்கிற வேலைக்குக் கணக்கு கேட்கிறார்கள். நம்மூரில் சுவரை வெட்டிப் பைப் புதைத்துப் பூசிவிட்டு, அடுத்த வருஷம் காலண்டர் ஆணி அடிக்கும்போது பைப்பைக் கண்டுபிடிக்கிறோமே!

மேலே இரண்டு விட்டங்களுக்கு நடுவில் நான் கூடுதலாகப் பொருத்தியிருந்த கட்டைகளைக் காட்டி, இது எதற்கு என்றார். ஊஞ்சலுக்கு என்றேன். குழந்தைகளுக்கா என்றார். மே மாதம் அப்பா வருகிறார், மதியம் சாப்பிட்டபின் படுக்க என்றேன். அவர் கொஞ்ச நேரம் மேலேயே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

ஊஞ்சல் பலகை ஓக் மரத்தில். தேக்கு இங்கே விலை கேட்கவே கூடாது. 80-ஆம் நம்பர் உப்புத்தாளில் தொடங்கி, 120 முடித்து, இப்போது 220-இல் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். தினமும் ஒரு படம் அனுப்பச் சொன்னீர்கள். அனுப்புகிறேன், ஆனால் நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசம் என் தோள்பட்டைக்கு மட்டும்தான் தெரியும்.

ஒரு வேண்டுகோள். நம் பழைய வீட்டு ஊஞ்சலின் பித்தளைச் சங்கிலி பரணில்தானே கிடக்கிறது? அதை நிறுத்துப் பார்த்து எடையை எழுதுங்கள். அப்பாவின் பெட்டி ஒன்றுக்கு 23 கிலோதான். அம்மா ஏற்கெனவே மாவடுவுக்கு இடம் பிடித்துவிட்டார்கள். நீங்கள் சொன்னால்தான் கேட்பார்கள்.

பெரியம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புள்ள மகன்