இருநூத்தம்பது வார்த்தையில ஒரு ஊரு

"தாத்தா, மண்வாசனையா நாலு வரி சொல்லுங்க"ன்னு பேராண்டி வந்து நிக்கிறான். ராத்திரி பத்தரை மணி. ஹைதராபாத் மாதாப்பூர்ல பதினாலாவது மாடி. ஜன்னலைத் திறந்தா மண்வாசனை எங்கே வரும்? கீழே பிரியாணிக் கடை வாசனைதான் வரும். அதுவும் பதினாலு மாடி ஏறி வர்றதுக்குள்ள ஆறிப்போயிருக்கும்.

பயல் பார்க்கிற வேலை அப்படி. எம்.பி., எம்.எல்.ஏ.வுக்கெல்லாம் பேச்சு எழுதிக் கொடுக்கிற ஆபீசு. எங்க காலத்துல கல்யாண வீட்டுக்கு வாழ்த்துப்பா எழுதிக் கொடுக்க ஊருக்கு ஒரு வாத்தியார் இருப்பார். ஒரு வேட்டி துண்டு, ஒரு இலைச் சாப்பாடு, அதோட சரி. இவன் ஒரு மாசத்துக்கு வாங்குறது எங்க ஊர்க் கண்மாய் மீன் குத்தகையை விட ஜாஸ்தி. இப்போ யாரோ ஒரு எம்.பி., சொந்த ஊருக்கு உழைச்சவங்களைப் பாராட்டி கிராமத்துக்காகக் குரல் கொடுக்கப் போறாராம். எந்தக் கட்சி, எந்த மாநிலம்னு என்கிட்ட கேட்காதீங்க. சொன்னா பயல் வேலைக்கு வெடி வச்ச பாவம் எனக்கு வரும்.

"சரிடா, அவருக்குச் சொந்த ஊரு எது?"

"அது கூகுள்ல பார்த்துக்கலாம் தாத்தா."

அட கூறுகெட்டவனே, இதுக்கு எதுக்கு என்கிட்ட வாரே? இந்தா கூப்பிடுற தூரத்துல சில்பாராமம் இருக்கு. 1992ல அமைச்சது. ஒரு கிராமத்தையே மண்ணுல செஞ்சு வச்சிருக்கான். கூரை வீடு இருக்கு, சக்கரம் சுத்துற குயவர் இருக்காரு, தறிக்காரர் இருக்காரு, எல்லாம் ஆளுயரப் பொம்மை. என்னை ஒரு ஞாயித்துக்கிழமை கூட்டிட்டுப் போனாங்க. வாசல்ல சீட்டு வாங்கணுமாம். எழுபத்தெட்டு வயசுல, ஒரு கிராமத்துக்குள்ள நுழைய நான் காசு கொடுத்தது அன்னைக்குத்தான். பேத்தி என்னையும் ஒரு பொம்மையையும் சேர்த்து நிறுத்திப் படம் எடுத்தா. அதைக் குடும்ப வாட்ஸப்புல போட்டதும் என் சம்பந்தி, "நடுவுல நிக்கிறவர்தானே நம்ம மச்சான்?"னு கேட்டாரு. நான் ஓரத்துல நின்னேன்.

அந்த மண்பொம்மைச் சம்சாரிகிட்ட ஒரு நல்ல குணம் உண்டு, கவனி. வாயே திறக்கமாட்டான். மினி பஸ் ஏன் நின்னுபோச்சுன்னு கேட்கமாட்டான். மக்காச்சோளத்தைக் காட்டுப்பன்னி உழப்பிட்டுப் போச்சுன்னு மனு கொடுக்கமாட்டான். பாராட்டுறதுக்கு அவனை மாதிரி வாகான ஆளு கிடையாது. உங்க எம்.பி.யை அங்கே கூட்டிட்டுப் போய், நாலு பொம்மைக்குப் பொன்னாடை போர்த்தி, ஒரு படம் எடுத்துட்டு வந்துரு. பொன்னாடையைத் திரும்ப எடுத்துக்கிட்டாலும் கோவிக்கமாட்டாங்க.

"விளையாடாதீங்க தாத்தா, லிமிட் இருக்கு. ரூல் 377. 250 வார்த்தைக்கு மேல போகக்கூடாது"ங்கிறான்.

அது என்னன்னு விசாரிச்சேன். லோக்சபாவில தொகுதிக் குறையைச் சொல்ல அப்படி ஒரு வழி வச்சிருக்காங்க. ஒரு நாளைக்கு 20 பேர், ஒருத்தருக்கு வாரத்துக்கு ஒரு தடவை, 250 வார்த்தை. சபையில கூச்சல் ஜாஸ்தியாச்சுன்னா வாசிக்கக்கூட வேண்டாம், காகிதத்தை மேஜையில வச்சாப் போதும், குறிப்புல ஏறிடும். வாயே திறக்காம குரல் கொடுத்தாச்சு! எனக்குச் சில்பாராமம் ஞாபகம் வந்துச்சு. நான் ஒண்ணும் சொல்லலை.

இது நம்ம ஊர்க் கூத்து மட்டும்னு நினைக்காதே. அமெரிக்காவிலயும் இப்படித்தானாம், இவனே சொன்னான். அங்கே காங்கிரஸ் உறுப்பினர், ஊர்ல தீயணைப்புல இருந்து ஓய்வு பெற்றவர், நூறு வயசு தொட்ட பாட்டி, ஜெயிச்ச பள்ளிக்கூட டீம்னு பாராட்டி எழுதிக் கொடுத்தா, சபையில பேசாமலே குறிப்புல அச்சாகிடும். தபாலாபீசுக்கு ஊர்ப் பெரியவங்க பேரை வைக்கிறதுக்குன்னு தனித்தனிச் சட்டமே போடுறாங்களாம். நல்ல விஷயம்தான். எங்க ஊர்த் தபாலாபீசுக்கும் பேரு வைக்கலாம். ஆனா அது இப்போ எந்தத் திண்ணையில நடக்குதுன்னு மொதல்ல கண்டுபிடிக்கணும்.

சொந்த ஊருன்னு சொன்னியே, அதுல ஒரு சூட்சுமம் இருக்கு. 2014 அக்டோபர் 11, ஜெயப்பிரகாஷ் நாராயணன் பிறந்த நாளு. அன்னைக்கு டெல்லியில மாதிரிக் கிராமத் திட்டம்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க. ஒவ்வொரு எம்.பி.யும் ஒரு ஊரைத் தத்து எடுக்கணும், 2019க்குள்ள மூணு ஊரு. அதுக்குன்னு தனியாப் பணம் கிடையாது, இருக்கிற திட்டத்தையெல்லாம் அந்த ஊருக்குத் திருப்பி விடணும். அதுல ஒரு விதி வச்சான் பாரு, அதை எழுதினவன் நிச்சயமா நாலு அண்ணன் தம்பியோட பிறந்தவனாத்தான் இருப்பான். என்னன்னா, எம்.பி. தன் சொந்த ஊரைத் தத்து எடுக்கக்கூடாது. பெண்டாட்டி ஊரையும் எடுக்கக்கூடாது!

இதைக் கேட்டதும் நான் கட்டில்ல எழுந்து உட்கார்ந்துட்டேன். பிறந்த ஊரைக்கூட ஒருத்தன் மறந்துருவான், மாமனார் ஊரை மறக்க எந்த வீட்டுல விடுவாங்க? சட்டம் வந்து அவனைக் காப்பாத்தியிருக்கு. "நான் செய்யணும்னுதான் மாமா நினைச்சேன், டெல்லியில விடமாட்டேங்கிறான்"னு கையை விரிச்சிடலாம். சச்சின் டெண்டுல்கர் ராஜ்யசபாவில இருந்தப்போ நெல்லூர்ப் பக்கம் புட்டம்ராஜு கண்ட்ரிகான்னு ஒரு ஊரை எடுத்தாரு. பம்பாய்க்காரருக்கு அங்கே மாமனும் கிடையாது, மச்சானும் கிடையாது. விதிக்கு ஏத்த ஆளு.

இந்த வேலியெல்லாம் எம்.பி.க்குத்தான், முதலமைச்சருக்குக் கிடையாது. 2019 ஜூலையில, அப்போ தெலங்கானா முதலமைச்சரா இருந்த கே.சி.ஆர். தான் பிறந்த சிந்தமடகாவுக்குப் போனாரு. குடும்பத்துக்கு 10 லட்ச ரூபாய் மதிப்புல உதவின்னு அங்கேயே அறிவிச்சாரு. பிறந்த ஊருக்குச் செய்யறதைத் தப்புன்னு சொல்ல எனக்கு வாய் வராது. செய்யாதவனைத் திட்டுற அதே வாயால செஞ்சவனையும் எப்படித் திட்டுறது? ஆனா பக்கத்து ஊர்க்காரன் அன்னைக்கு ராத்திரி தன் பெண்டாட்டியைப் பார்த்திருப்பான். "நம்ம தெருவுல ஒருத்தியும் முதலமைச்சரைப் பெக்கலையேடி"ன்னு நினைச்சிருப்பான். தெலங்கானாவில பன்னெண்டாயிரத்துக்கு மேல பஞ்சாயத்து. ஊருக்கு ஒரு முதலமைச்சர்னா, ஆளுக்கு அஞ்சு வருஷம் போட்டு நீயே கணக்குப் பார்த்துக்கோ.

"ஒரு நல்ல உதாரணம் சொல்லுங்க தாத்தா, பேச்சுல சேர்க்கிறேன்"னான்.

சொல்லலாம், ஆனா உங்க ஆளுக்கு உடம்புல ஒட்டாதே. நம்ம மேலூர்ப் பக்கம் தும்பைப்பட்டியில பிறந்த கக்கன், காமராஜர், பக்தவத்சலம் ரெண்டு பேர் கிட்டயும் மந்திரியா இருந்தவரு. கடைசியில மதுரை அரசு ஆஸ்பத்திரியில பொது வார்டுல படுத்திருந்தாரு. எம்.ஜி.ஆர். போய்ப் பார்த்த பிறகுதான், படுத்திருக்கிறது யாருன்னே பல பேருக்குத் தெரிஞ்சுது. இப்போ தும்பைப்பட்டியில மணிமண்டபம் இருக்கு. இந்தப் பக்கம் ஆள் வேணும்னா நெல்லூர் சுந்தரய்யா. பெயர்ல ஒட்டியிருந்த ரெட்டியை வெட்டிட்டு, பார்லிமெண்டுக்கே சைக்கிள்ல போனவரு. எல்லந்துல அஞ்சு தடவை எம்.எல்.ஏ.வா இருந்த கும்மடி நரசய்யா இன்னைக்கும் இருக்காரு. பஸ்ஸும் சைக்கிளும்தான் அவருக்கு வாகனம். அவரைப் பத்திச் சினிமா எடுக்கிறாங்களாம், கன்னடத்து சிவராஜ்குமார் நடிக்கிறாராம். பஸ்ல போனவரு மாதிரி நடிக்கிறதுக்குக் கேரவன்ல வந்து இறங்குவாங்க. நான் குறை சொல்லலை, சினிமான்னா அப்படித்தான்.

இவங்க யாருக்கும் பேச்சு எழுதிக் கொடுக்க ஒரு பேராண்டி தேவைப்படலை. ஏன்னா பஸ்ல போறவனைப் பக்கத்து சீட்டுக்காரன் சும்மா விடமாட்டான். இறங்குற வரைக்கும் காதுல போட்டுக்கிட்டே வருவான். உங்க எம்.பி.க்குக் காரு கண்ணாடி ஏத்தியிருக்கு, அதனாலதான் உனக்குச் சம்பளம். கண்ணாடியை இறக்கச் சொல்லி மட்டும் யோசனை சொல்லிடாதே, உன் பொழைப்பு போயிரும்.

எங்க வீட்டுப் பேச்சு தெலுங்கு. நாயக்கர் காலத்துல தெக்கே வந்து கரிசல்ல இறங்கினவங்க நாங்க. கோவில்பட்டிக்குக் கிழக்கே எங்க ஊரு. அந்தத் தெலுங்கை நம்பித்தான் இங்கே வந்தேன். கீழே வாட்ச்மேன் கிட்ட ரெண்டு வார்த்தை பேசினேன். அவரு மரியாதையா எழுந்து நின்னு, "பெத்தாயனா, இது எந்தத் தேசத்துப் பாஷை?"ன்னு கேட்டாரு. அன்னையில இருந்து நாங்க சிநேகம். மகபூப்நகர்ப் பக்கத்துக்காரரு. அந்தச் சீமையில இருந்து பிழைப்புக்கு வெளியே போறவங்களுக்குப் பாலமூரு லேபர்னே பேரு. அணைக்கட்டு வேலைக்கும் ரோட்டு வேலைக்கும் தேசம் பூரா போனவங்க.

2023 நவம்பர் 30 இங்கே சட்டசபைத் தேர்தல். வியாழக்கிழமை. அதுக்கு முந்தின நாளே அவரு சாவியை என் மகன் கையில கொடுத்துட்டு பஸ் ஏறிட்டாரு. ஒரு நாள் கூலி போச்சு, போகவர டிக்கெட்டுக் காசு வேற. எங்க பதினாலு மாடியில? லீவு விட்டாச்சு, வெள்ளிக்கிழமை ஒண்ணைச் சேர்த்து எடுத்தா நாலு நாளு. பாதி வீடு பூட்டிக் கிடந்துச்சு, மீதி வீட்டுல தூக்கம். நல்கொண்டாவில முனுகோடு தொகுதி 91 சதவீதத்தைத் தாண்டிச்சு. மாதாப்பூர் அடங்கின சேரிலிங்கம்பள்ளி, மாநிலத்துலயே ஜாஸ்தி ஓட்டு உள்ள தொகுதி, ஏழு லட்சத்துக்கு மேல. அதுல பாதிகூட விழலை. காட்டுப் பக்கம் பத்ராசலத்துல மொத்த ஓட்டே ஒன்றரை லட்சத்தை ஒட்டித்தான். அங்கேயும் ஒரு எம்.எல்.ஏ., இங்கேயும் ஒரு எம்.எல்.ஏ. தொகுதியைத் திரும்பப் பிரிக்கிறப்போ தலையைத்தானே எண்ணுவான், விரல் மையையா எண்ணுவான்? அப்போ சட்டசபையில ஒரு நாற்காலி காட்டுல இருந்து எழுந்து வந்து இந்த ஐ.டி. ரோட்டுல உட்கார்ந்துக்கும். காட்டுக்காரன் அங்கே வரிசையில நின்னுக்கிட்டுத்தான் இருப்பான்.

இதையும் சொல்லிடறேன், நீதி தப்பக்கூடாது. 2024 மே மாசம் ஆந்திராவில தேர்தல் வந்தப்போ இந்த மாதாப்பூர் ஹாஸ்டல் பிள்ளைகள் பஸ்ல தொங்கிக்கிட்டு ஊருக்குப் போச்சு. ரோடே காலியாகிப்போச்சு, நான் நடு ரோட்டுல நடந்தேன். ஆக, பயல்களுக்கு ஓட்டுப் போடத் தெரியும். எந்த மண்ணுல போடணும்னுதான் கணக்கு வச்சிருக்கான்.

மாதாப்பூரும் ஊராத்தான் இருந்துச்சு, மறந்துராதே. பாறையும் கண்மாயும் உள்ள ஊரு. 1998ல வாஜ்பாய் வந்து சைபர் டவர்ஸைத் திறந்து வச்சாரு, அதுல இருந்து மேல நோக்கி வளர ஆரம்பிச்சுது. நான் காலையில துர்கம் செருவுக் கரையில நடப்பேன். குதுப்ஷாஹி ராஜாக்கள் காலத்துல கோல்கொண்டா கோட்டைக்குத் தண்ணி இங்கே இருந்துதான் போச்சாம். 2020ல அதுக்கு மேல கம்பி கட்டித் தொங்கவிட்ட பாலம் போட்டாங்க. ராத்திரி கலர் கலரா லைட்டு எரியும். எல்லாரும் பாலத்தைப் படம் எடுப்பாங்க. எனக்கு ஒரு கெட்ட பழக்கம், தண்ணி தேங்கி நின்னா மடை எங்கே, கலுங்கு எங்கேன்னுதான் கண்ணு தேடும். ஒரு நாள் குனிஞ்சு தேடிக்கிட்டிருந்தேன். பக்கத்துல ஓடிக்கிட்டிருந்த பிள்ளை காதுல இருந்ததைக் கழட்டிட்டு, "அங்கிள், ஏதாவது தொலைச்சுட்டீங்களா?"ன்னு கேட்டுச்சு.

எங்க ஊர்க் கண்மாயில மடை ஷட்டர் துருப்பிடிச்சு உட்கார்ந்து ஆறு வருஷம் ஆச்சு. மணல் மூட்டை போட்டு அடைச்சிருக்கோம். ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு மேல உள்ள கண்மாய்னா ஒரு ஆபீசு, கீழேன்னா வேற ஆபீசு. எங்களது மேலயா கீழயான்னு ரெண்டு ஆபீசும் மாத்தி மாத்திக் கேட்டுக்கிட்டிருக்கு. தண்ணிக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது, அது பாட்டுக்குப் போய்க்கிட்டிருக்கு.

பன்னெண்டு மணிக்குப் பேராண்டி எழுதி முடிச்சு வாசிச்சுக் காட்டினான். அருமை. மண்ணின் மைந்தர்கள் வந்தாங்க, வியர்வை வந்துச்சு, முதுகெலும்பு ரெண்டு தடவை வந்துச்சு. பாராட்டு வாங்கினவங்கள்ல ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருத்தர், ரத்ததானம் செஞ்சவர் ஒருத்தர். கேட்ட எனக்கே கண்ணு கலங்கிருச்சு, தூக்கம்னும் சொல்லலாம்.

"எத்தனை வார்த்தைடா?"

"248 தாத்தா."

"ரெண்டு பாக்கி இருக்கே. சும்மா விட்டுராதே. 'மடை ஒழுகுது'ன்னு போட்டு முடி."

"எந்த ஊரு மடை தாத்தா? அவரு கேட்டா என்ன சொல்றது?"

"போட்டுப் பாரு. கேட்டாருன்னா நான் நாளைக்கே ரயில் ஏறிப் போய் அவருக்கு ஓட்டுப் போடுறேன்."

பயல் என்னை ஒரு மாதிரியாப் பார்த்துட்டு, அதையும் தட்டினான்.