நிஜம் போலொரு துப்பாக்கி

வால்தர் சிபி88-ஐக் கையில் எடுத்ததும் முதலில் தெரிவது அதன் கனம். ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் கூடவே இருக்கும். உடம்பு முழுக்க உலோகம். ஜெர்மனியில் ஆர்ன்ஸ்பெர்க் நகரத்து உமாரெக்ஸ் நிறுவனம் 1993-இல் வால்தரை வாங்கியது. மூன்று வருடம் கழித்து, வால்தரின் பி88 என்ற நிஜக் கைத்துப்பாக்கியை அச்சாக வைத்து இதைச் செய்து விற்பனைக்குக் கொண்டுவந்தது. சுத்தியும் விசையும் அசலில் எங்கே இருக்குமோ அங்கேயே இருக்கின்றன. துப்பாக்கி பழகியவர்கள்கூடச் சற்று தள்ளி நின்று பார்த்தால் தடுமாறிப்போவார்கள். சுடுவது என்னவோ ஈயக்குண்டுதான், உந்துவது கேஸ்தான்.

உள்ளே இருக்கும் வேலைப்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. இடது பக்கத்து நெம்பை அழுத்தினால் மேல்பகுதியின் முன்பாதி முன்னால் நழுவித் திறக்கும். அந்த இடைவெளியில் ஒரு குட்டிச் சக்கரத்தைப் பொருத்த வேண்டும். அதில் எட்டுத் துளை. துளைக்கு ஒன்றாக 4.5 மில்லிமீட்டர் ஈயக்குண்டு, அதாவது பெல்லட். ஒவ்வொன்றும் அரை கிராம் அளவுதான், இடுப்பு சிறுத்துப் பின்பக்கம் விரிந்திருக்கும். கைப்பிடியின் பக்கத் தகட்டைக் கழற்றினால் 12 கிராம் கார்பன் டை ஆக்சைடு குப்பிக்கான இடம். குப்பியை வைத்து இறுக்கும்போது ஊசி அதன் கழுத்தைத் துளைக்கும். 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம் வந்து அடங்கும். அதன்பிறகு விசையை அழுத்தும் ஒவ்வொரு முறையும் சக்கரம் ஒரு துளை நகரும். வெளித்தோற்றத்துக்கு இது பிஸ்டல், உள்ளே ரிவால்வர்.

எட்டு என்ற அந்தக் கணக்கு எனக்குச் சின்ன வயதிலேயே பழக்கம். எண்பதுகளில் கோவில்பட்டியில் தீபாவளிக்கு முதலில் வந்தது தகரத் துப்பாக்கி. அச்சடித்த இரண்டு பாதிகளை மடித்து இணைத்திருப்பார்கள். வெள்ளிப் பூச்சு இரண்டே நாளில் உள்ளங்கைக்கு வந்துவிடும். சிவகாசி பக்கம் என்பதால் கேப்புக்குப் பஞ்சமில்லை. ரோல் கேப் என்பது காகிதச் சுருள். நடுவில் வரிசையாகப் பொட்டுப் பொட்டாக மருந்து இருக்கும். பொட்டாசியம் குளோரேட்டும் சிவப்புப் பாஸ்பரஸும் சேர்ந்த மருந்து. சுத்தி விழும் இடத்துக்குச் சுருள் சரியாக நகராது. உருவி எடுத்துத் திண்ணையில் வைத்துக் கல்லால் தட்டிவிடுவோம். பிறகு ரிங் கேப் வந்தது. சிவப்புப் பிளாஸ்டிக் வளையத்தில் எட்டுக் குமிழ். எட்டும் தீர்ந்ததும் வளையத்தைக் கழற்றி எறிந்துவிட்டு அடுத்ததை மாட்ட வேண்டும். ஜெய்சங்கர் படம் பார்த்துவிட்டு வந்த வாரத்தில் ஒரு பெட்டி வளையம் ஒரே சாயங்காலத்தில் காலியாகும்.

எங்கள் தெரு வழியாக ஓர் ஏட்டையா சைக்கிளில் போவார். அவர் நெஞ்சுக்கு நேராகவே நீட்டிச் சுடுவோம். அவர் ஒரு காலை ஊன்றி சைக்கிளை நிறுத்துவார், இரண்டு கையையும் தூக்குவார். "ஏலே, விட்டுருங்கலே, எனக்குப் பிள்ளகுட்டி இருக்கு" என்பார். இன்னும் இரண்டு குமிழைச் சுட்ட பிறகுதான் போக விடுவோம். அவர் பயந்ததுபோல் நடித்த அழகுக்காகவே அவர் வரும் நேரம் பார்த்துக் காத்திருப்போம். எங்கள் வீட்டில் இருந்த ஒரே கட்டுப்பாடு, காதுப் பக்கத்தில் வெடிக்கக் கூடாது என்பது.

இப்போது நான் இருப்பது அமெரிக்காவில், ஒஹாயோ மாநிலத்தில், கொலம்பஸுக்குப் பக்கத்தில். வீட்டுக்குக் கீழே பேஸ்மென்ட். அதன் ஒரு கோடியில் இரும்புத் தட்டு பொருத்திய குண்டுப்பொறி, அதற்கு முன்னால் காகித இலக்கு, பின்னால் தடித்த பழைய கம்பளி. சுடுவதற்கு முன் எல்லோரும் கண்ணாடி போட வேண்டும். சுட்டு முடித்ததும் ஈயம் ஒட்டிய கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். பெல்லட் நொடிக்குச் சுமார் 120 மீட்டர் வேகத்தில் போகிறது. ஒரு கண்ணை எடுத்துவிட அது தாராளமாகப் போதும். இந்த விஷயத்தில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

குளிர்காலத்தில்தான் இந்தத் துப்பாக்கி தன் குணத்தைக் காட்டும். குப்பிக்குள் இருப்பது திரவம். 20 டிகிரியில் அதன் அழுத்தம் 57 பார். 10 டிகிரிக்கு இறங்கினால் 45 பார்தான். அதோடு, ஒவ்வொரு முறை சுடும்போதும் திரவம் கொஞ்சம் ஆவியாகிறது, ஆவியாகும்போது உள்ளே இன்னும் குளிர்கிறது. எட்டையும் மடமடவென்று சுட்டால் கடைசிக் குண்டுகள் முதல் குண்டு விழுந்த இடத்துக்குக் கீழே விழும். கைப்பிடி சில்லிட்டிருக்கும். ஆகவே ஒன்றைச் சுட்டு, கையைத் தாழ்த்தி, மூச்சு விட்டு, பிறகுதான் அடுத்தது. அவசரப்படாதே என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, கேஸே சொல்லித்தருகிறது. அலுவலகத்திலிருந்து தலை கனத்து வரும் நாட்களில் ஒரு குப்பி தீரும்வரை, ஐம்பது சொச்சம் முறை, இப்படிச் சுட்டுவிட்டு மேலே ஏறி வந்தால் மனசு லேசாகிவிடும். வேட்டைக்கோ தற்காப்புக்கோ நான் இதை வாங்கவில்லை. சந்தோஷத்துக்காக வாங்கினேன். அந்தச் சந்தோஷம் இன்றுவரை குறையவில்லை.

ஆனால் இது பேஸ்மென்ட் படி ஏறி வெளியே வராது. கொல்லைப்புறத்துக்குக்கூட வராது.

காரணம் இந்த மாநிலத்திலேயே இருக்கிறது. 2014 ஆகஸ்ட் 5-ஆம் தேதி, டேட்டனுக்குப் பக்கத்தில் பீவர்கிரீக் வால்மார்ட்டில், ஜான் கிராஃபோர்ட் என்ற 22 வயது இளைஞர் அலமாரியில் அட்டைப்பெட்டி இல்லாமல் கிடந்த ஏர் ரைஃபிள் ஒன்றை எடுத்துக்கொண்டு போனில் பேசியபடியே நடந்துகொண்டிருந்தார். அந்தக் கடையிலேயே விற்கிற சரக்கு அது. யாரோ அவசர உதவி எண்ணான 911-க்குக் கூப்பிட்டார்கள். போலீஸ் வந்து அவரைச் சுட்டுக் கொன்றது. அதே வருடம் நவம்பர் 22-ஆம் தேதி கிளீவ்லாந்தில் ஒரு பூங்கா. தமீர் ரைஸுக்கு 12 வயது. கையில் பிளாஸ்டிக் மணி சுடும் ஏர்சாஃப்ட் துப்பாக்கி. பொம்மை என்று காட்டும் ஆரஞ்சு நிற முனை அதில் இல்லை. 911-க்குக் கூப்பிட்டுச் சொன்னவர், அது பொம்மையாகத்தான் இருக்கும், பையனும் சின்னவனாகத்தான் தெரிகிறான் என்று சொல்லியிருந்தார். அந்தச் செய்தி காரில் வந்த காவலர்களுக்குப் போய்ச் சேரவில்லை. கார் நின்ற இரண்டு நொடிக்குள் குண்டு பாய்ந்தது. மறுநாள் அவன் இறந்தான். இரண்டு பேரும் கறுப்பினத்தவர். இரண்டு வழக்கிலும் சுட்ட காவலர்மீது கிராண்ட் ஜூரி குற்றம் சாட்டவில்லை.

நிஜத் துப்பாக்கியை எல்லோரும் பார்க்கும்படி எடுத்துச் செல்ல ஒஹாயோ சட்டம் இடம் தருகிறது. அப்படிப்பட்ட மாநிலத்தில், விலைக்கு வைத்த காற்றுத் துப்பாக்கிக்காக ஒருவரும் விளையாட்டுத் துப்பாக்கிக்காக ஒரு சிறுவனும் உயிரை விட்டார்கள். தமீரின் வயதில்தான் நான் ஏட்டையாவின் நெஞ்சுக்குக் குறி வைத்துக்கொண்டிருந்தேன். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் வருகிறது. இந்த நாட்டில் என் பிள்ளையின் தோலும் வெளுப்பு இல்லை என்பது அந்த ஆத்திரத்தோடு சேர்ந்தே வருகிறது.

ஆரஞ்சு முனை என்பது 1988-ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்திலிருந்து வந்தது. பொம்மைக்கும் ஏர்சாஃப்டுக்கும் அது கட்டாயம். பெல்லட் சுடும் காற்றுத் துப்பாக்கிக்கு அந்தச் சட்டத்திலேயே விலக்கு உண்டு. ஆகவே என் சிபி88-க்கு அடையாளம் எதுவும் கிடையாது, நுனிவரை கறுப்பு. நிஜம் போல இருக்கிறதே என்றுதான் இதை ஆசைப்பட்டு வாங்கினேன். அந்த நிஜத்தன்மைதான் இப்போது இதைப் பூட்டிய பெட்டிக்குள் வைத்திருக்கிறது. தகரத் துப்பாக்கி யாரையும் நம்பவைக்காது, அதனால் ஊர் முழுக்க அதைத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

மகனுக்குப் பதினைந்து வயது. என்னைவிட நன்றாகச் சுடுகிறான். போன கோடையில் கொல்லையில் சிபி88-ஐப் பிடித்தபடி ஒரு படம் எடுத்துத் தரச் சொன்னான். முடியாது என்றேன். தமீரைப் பற்றி அவனுக்குத் தெரியும், பள்ளியில் பேசியிருக்கிறார்கள். இருந்தாலும் முகம் சுருங்கியது. அந்த வாரக் கடைசியில் அவனைக் காரில் ஏற்றி வடக்கே ஏரிக்கரைக்குக் கூட்டிப்போனேன். ஈரி ஏரியை ஒட்டி, போர்ட் கிளின்டனுக்குப் பக்கத்தில் கேம்ப் பெர்ரி இருக்கிறது. 1907-லிருந்து தேசியத் துப்பாக்கிப் போட்டிகள் நடக்கும் இடம். 1964-லும் 1968-லும் ஒலிம்பிக் தங்கம் வென்ற கேரி ஆண்டர்சன் பெயரில் அங்கே ஏர்கன் கூடம் ஒன்று உண்டு. மின்னணு இலக்கு பொருத்திய 80 தடங்கள்.

அங்கே போட்டிக்கென்றே செய்த ஏர் பிஸ்டல் ஒன்றை அவன் முதல்முறையாகப் பிடித்தான். விரலுக்கு விரல் செதுக்கிய மரக் கைப்பிடி, குழலுக்கு அடியில் 200 பார் காற்று அடைத்த உருளை. சினிமாவில் வரும் எந்தத் துப்பாக்கியின் சாயலும் அதற்கு இல்லை. முன்பு இந்த வகையும் கார்பன் டை ஆக்சைடில்தான் ஓடியது. குளிருக்கும் வெயிலுக்கும் குறி மாறுகிறது என்று தொண்ணூறுகளில் காற்றுக்கு மாறினார்கள். பத்து மீட்டர் தூரத்தில் பத்துப் புள்ளி வளையம் 11.5 மில்லிமீட்டர்தான். முதலில் ஐந்திலும் ஆறிலும் விழுந்தது. மதியத்துக்குள் ஒன்பதுகள் வர ஆரம்பித்தன.

திரும்பி வரும்போது சொன்னான்: "ப்பா, நம்ம வீட்டுத் துப்பாக்கி சூப்பரா இருக்கு. ஆனா அதைப் பிடிச்சா போஸ் குடுக்கணும்னுதான் தோணுது. இதைப் பிடிச்சா சுடணும்னு தோணுது."

நான் ஒத்துக்கொள்ளவில்லை. சுத்தி பின்னால் போய் நிற்கும் அந்த 'க்ளிக்', சக்கரம் ஒரு துளை நகர்வது கையில் தெரிவது, இதெல்லாம் சுடுவதில் சேர்ந்ததுதான் என்றேன். போட்டிப் பிஸ்டலில் அது எங்கே என்று கேட்டேன். புள்ளி எங்கே என்று அவன் கேட்டான். வீடு வரும்வரை இதே பேச்சு. இப்போது அவன் கிளப்பில் சேர்ந்திருக்கிறான். சனிக்கிழமை காலையில் நான்தான் கொண்டுபோய் விடுகிறேன். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு இருவரும் பேஸ்மென்டுக்கு இறங்குகிறோம். ஒரு சக்கரம் அவனுக்கு, ஒரு சக்கரம் எனக்கு.