'ஃபேட் அவே': சிற்றுரை

ஃபேட் அவே என்பது வாலுள்ள வினை. ஃபேட் தலை, அவே வால். கொஞ்சம் கொஞ்சமாக மங்கி இல்லாமல் போதல் என்பது பொருள். தலை பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. பிரெஞ்சுக்காரர்கள் இன்றும் உப்புச்சப்பில்லாத பண்டத்தை அதே சொல்லால்தான் ஏசுகிறார்கள். உச்சரிப்பு மட்டும் 'ஃபாத்'. எனவே பத்தியச் சாப்பாடு பாரிஸில் ஃபாத் எனப்படும்.

வாலின் வேலையைத் தமிழில் 'போ' செய்யும்: தேய்ந்து போ, கரைந்து போ. கழுதை தேய்ந்து கட்டெறும்பானது இதற்கு உதாரணம் ஆகாது. என்னை? கட்டெறும்பு மிச்சம் இருத்தலின்.

சாயம் விடுதலும் இதுவன்று. போன தீபாவளிக்கு எடுத்த மெரூன் சட்டை முதல் தண்ணியிலேயே என் வேட்டியை ரோஸாக்கியது. அதை ஆங்கிலேயர் 'ரன்' என்பர். அதே சட்டை கொடியில் வெயில் தின்று, ஆடிக்குள் தோள்பட்டை மட்டும் செங்கல் தூள் நிறத்துக்கு வந்துவிட்டது. இம்முறை போன நிறம் யார் துணியிலும் இல்லை. இதுவே ஃபேட். கடைக்காரர் 'கலர் கியாரண்டி' என்றது எந்த வினைக்கு என்று கேட்காமல் விட்டது என் பிழை.

இது செயப்படுபொருள் குன்றிய வினை. ஒருவரை இன்னொருவர் ஃபேட் அவே செய்ய இயலாது. அவராக மனம் வைத்து மங்க வேண்டும். ஜெனரல் மக்ஆர்தரை 1951 ஏப்ரல் 11 அன்று அதிபர் ட்ரூமன் பதவிநீக்கினார். 19ஆம் தேதி அமெரிக்க நாடாளுமன்றத்தில் பேசிய ஜெனரல், இந்த வினையைத் தமக்கே சூட்டி விடைபெற்றார். மறுநாள் நியூயார்க்கில் காகிதத் துணுக்கு மழையில் ஊர்வலம். மே மாதம் செனட் விசாரணையில் மூன்று நாள் சாட்சியம். 1952இல் குடியரசுக் கட்சி மாநாட்டில் முதன்மை உரை. அதே ஆண்டு ரெமிங்டன் ராண்ட் கம்பெனியின் தலைவர் பதவி. இறந்தது 1964இல், 84 வயதில். ஆகவே இவ்வினை தன்மை ஒருமையில், மைக் முன்னால் வருமாயின் நிகழாது என்று விதி கொள்க.

எதிர்மறைக்கு ஆட்சி, பட்டி ஹாலியின் 1957ஆம் ஆண்டுப் பாட்டு: 'நாட் ஃபேட் அவே'. முன்னால் 'டூ' இல்லாதது செய்யுள் விகாரம். ஹாலி 1959இல் விமான விபத்தில் 22 வயதில் போனார். அதற்கு வேறு வினை. ஜெனரல் இறந்த அதே 1964இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழு அந்தப் பாட்டை இசைத்தட்டாக வெளியிட்டது. 1995இல் அதே குழு மறுபடியும் வெளியிட்டது. அப்போதும் 'டூ' சேர்க்கவில்லை.