சிறுபொறி மன்ற இயல்

மாணாக்க, ஊர்ப்பூங்காவின் ஒரு மூலையில் வளைந்தோடும் சிற்றிருப்புப்பாதையும், அதன்மேல் நீராவியால் இயங்கும் இழுபொறிகளும், அவற்றைச் சூழ்ந்து நிற்கும் முதியோரும் ஆகிய மூன்றும் கூடியவழி அது சிறுபொறி மன்றம் எனப்படும். பொறி மட்டும் இருப்பின் பட்டறை. முதியோர் மட்டும் இருப்பின் அது வேறோர் இயலுள் அடங்கும். இதன் தாயகம் இங்கிலாந்து. 1898-இல் பெர்சிவல் மார்சல் சிறுபொறி ஆக்கும் கலைக்கென ஓர் இதழைத் தொடங்கினார். அவ்வாண்டே இலண்டனில் ஒரு கழகமும் தோன்றியது.

திணை வகுக்கும் முறையிலேயே இதனையும் வகுப்பாம். முதற்பொருள் பொழுதும் நிலமும். பொழுது எளிது: பெரும்பொழுது வேனில், சிறுபொழுது ஞாயிற்றுக்கிழமை எற்பாடு. மழை இதற்குப் பகை. இங்கிலாந்தாதலின் பகை தவறாது வரும்.

நிலம் இருவகைத்து: உயர்பாதை, தரைப்பாதை. உயர்பாதையில் ஏறுவோர் குதிரையேறினாற்போலக் காலை இருபுறமும் இட்டு அமர்வர். இது கவைக்கால் இருக்கை. தரைப்பாதையில் வண்டிக்குள்ளேயே காலை மடக்குவோரும் உளர். இது மடக்குக்கால் இருக்கை. தண்டவாள இடையகலத்தால் இவை மேலும் விரியும். இஞ்சு எனும் அளவை இந்நூல் விரலம் என ஆளும். 3½ விரலம், 5 விரலம் ஆகியவை பெரும்பாலும் உயர்பாதைக்கும், 7¼ விரலம் தரைப்பாதைக்கும் உரியன. மெய்ப்பாதையை ஓரடிக்கு 1 1/16 விரலமாகச் சுருக்கின் 5 விரலம் ஏறக்குறையப் பிழையின்றி வரும். எட்டில் ஒன்றாகச் சுருக்கின் 7.06 வருமேயன்றி 7¼ வாராது. எஞ்சிய துணுக்கு எங்கிருந்து வந்தது எனக் கேட்டல் மன்றத்துள் முறையன்று. வட அமெரிக்காவின் பெரும்பகுதியில் 7½ வழங்கும். அதன் வடகிழக்கு மூலையில் மட்டும் 7¼. ஒன்றின் வண்டி மற்றதன்மேல் ஓடாது. இதனைக் கால்விரலப் பிளவு என்க.

கருப்பொருளாவன கரி, எண்ணெய், அழுக்குத்துணி, தேநீர். கரி வேல்சு நாட்டினதாயின் தலை. பிற, இடையும் கடையும். சுத்தியலால் மொச்சை அளவாக உடைத்துக் கொள்க. 1969 முதல் இதனை நிறுத்துக் கொடுத்துப் போட்டியும் நடத்துவர்: ஒருவன் எரித்த கரியின் எடைக்கும் அவன் பொறி இழுத்த வேலைக்கும் உள்ள ஒப்பீடே வெற்றி. வெல்பவனுக்கும் கரியின் ஆற்றலில் சில விழுக்காடே தேறும். எஞ்சியது புகைபோக்கி வழியே வானுக்கு.

இனி மன்றத்தார். முதல்வகை ஆக்குநர். இவருள் தொடங்குநர், முடிக்குநர் என இருபாலார். தொடங்குநர் பெரும்பாலும் 'டிச்' என்னும் சிறு பொறியில் தொடங்குவர். அதனை வகுத்தளித்தவர் எல்.பி.எசு.சி. எனக் கையொப்பமிட்டு எழுதியவர். கரி எரித்து ஆளை இழுக்கும் ஆற்றல் சிறுபொறிக்கும் உண்டு என அவர் 1920-களில் நிறுவினார். பொறி வகுத்த மற்றொருவரான என்றி கிரீன்லியோடு அவர் பொருதது கொதிகலப் போர் எனப்படும். அது தும்பையின்பாற் படுமா வாகையின்பாற் படுமா என்பது தனிநூலுக்குரியது. முடிக்குநரை யான் மூவரையே கண்டுள்ளேன்.

இரண்டாம் வகை ஓட்டுநர். பிறர் ஆக்கியதை வாங்கி ஓட்டுவர். ஆக்குநர் இவரோடு உண்பர், உறவாடார். மூன்றாம் வகை புல்லறுப்போர். பாதையோரம் புல் வளராமலும் கழிப்பிடம் அடையாமலும் காப்பவர் இவரே. நூல்கள் இவரைப் பற்றி ஒன்றும் கூறா; யாமும் கூறாது செல்வாம்.

நான்காம் வகை கொதிகல ஆய்வாளர். புதுக்கொதிகலனில் தண்ணீர் நிரப்பி, இயங்கும் அழுத்தத்தின் இருமடங்கு ஏற்றிப் பார்ப்பது இவர் தொழில்: 80 பவுண்டுக்கு 160. ஆவியை விடுத்துத் தண்ணீரைக் கொள்வது ஏன் எனின், தண்ணீர் சுருங்காப் பொருள். செம்பு கிழியினும் ஒழுகுமேயன்றி வெடியாது. ஆய்வாளருள் அழுத்தமானியை நோக்குவோர் கடை. உடையவன் முகத்தை நோக்குவோரே தலை.

உரிப்பொருள் யாது? ஓடுதல் என்பர் அறியார். நிற்றலும் நிற்றல் சார்ந்தனவுமே என்பது எம் துணிபு.

இதற்குச் சான்று ஒன்று கூறுவாம். நீரூட்டி என்பது ஆவியின் விரைவைக் கொண்டே தண்ணீரைக் கொதிகலனுக்குள் தள்ளும் கட்டைவிரல் அளவான வெண்கலக் கருவி. உள்ளே கூம்புகள் உண்டு. ஒரு ஞாயிறு அது தண்ணீரை எடுக்க மறுத்து வழிகுழாயில் சொட்டியது. நீர்மட்டக் கண்ணாடியில் அரை விரலமே எஞ்சியது. வண்டி நின்றது, ஓட்டுநர் கையெக்கியை அடிக்கத் தொடங்கினார். உடனே ஐவர் கூடினர். அவர் பெயர் வருமாறு: கூம்பில் சுண்ணாம்பு படிந்தது என்றவர் சுண்ணநோக்கி, இணைப்பில் காற்றுப் புகுகிறது என்றவர் வளிநோக்கி, தொட்டித் தண்ணீர் வெயிலில் சுட்டது என்றவர் வெம்மைநோக்கி, அழுத்தம் போதாது என்றவர் ஆவிநோக்கி, சென்ற ஆண்டே சொன்னேன் என்றவர் முன்னுரைத்தோன். ஐவரும் ஒருவர்க்கொருவர் விடையிறுத்தனரேயன்றி, ஓட்டுநர்க்கு எவரும் ஒன்றும் கூறவில்லை. இரண்டாம் வண்டியில் சிவப்புக் காலணியணிந்த சிறுமி ஒருத்தி, கவைக்கால் இருக்கையினின்று இறங்காமலே ஒரு மாச்சில்லை முழுதும் தின்று முடித்தாள். அப்பொழுது புல்லறுப்போருள் ஒருவர் தேநீர்க்குடிலிலிருந்து ஒரு குவளைக் குளிர்நீர் கொணர்ந்து, எவரிடமும் பேசாமல், நீரூட்டியின் மேல் ஊற்றினார். அது ஒருமுறை சீறிற்று; பின்னர் தண்ணீரை எடுத்தது. வண்டி போயிற்று. ஐவரும் நாலரை மணி வரை அங்கேயே நின்றனர்.

மாணாக்க, நீ முதன்முறை செல்லுங்கால் எக்கருத்தும் உரையற்க. நான்கரைக்குத் தீயை இறக்குவர். அதன்முன் தேநீர் கிடைக்கும். குடித்த குவளையை நீயே கழுவி, பிடி வலப்புறம் இருக்கக் கவிழ்த்து வைக்க.