தாலிச்சரட்டு ஊக்கு

செங்கல்பட்டில் எங்கள் வீட்டுக் கூடத்தில் சிக்னல் ஒரு கோடு காட்டும். சமையலறையில் அதுவும் இல்லை. "சிம்மை எடுத்துத் துடைச்சுப் போடுங்க" என்றார் எதிர்வீட்டு மாமா. மனைவியின் தாலிச்சரட்டில் தொங்கிய ஊக்கை வாங்கி ட்ரேயைத் திறந்தேன். துடைத்த துடைப்பில் சிம் உயிரை விட்டது. சாயங்காலமே அதே நம்பருக்குப் புது சிம் வாங்கிவந்து போட்டேன். அப்போதும் ஒரே கோடுதான். சரி, கம்பெனியையே மாற்றிவிடுவோம்.

அது ரொம்பச் சுலபம். ஆங்கிலத்தில் 'போர்ட்' என்று அடித்து, இடம் விட்டு, பத்து இலக்க நம்பரைப் போட்டு 1900-க்கு அனுப்பினால் போர்ட் கோடு வரும்; அதைப் புதுக் கம்பெனியிடம் கொடுத்தால் போதும். மறுநாள் காலை அனுப்பினேன். 'அனுப்பப்படவில்லை' என்று வந்தது. கூடவே சிவப்பில் ஓர் ஆச்சரியக்குறி, என்னவோ அதற்குத்தான் அதிர்ச்சி மாதிரி.

"மெசேஜ் பேக் இருக்காது" என்றார் மாமா. எந்த ரீசார்ஜ் போட்டிருந்தாலும் 1900-க்கு மெசேஜ் போகவிட வேண்டும் என்று 2021 டிசம்பரிலேயே டிராய் உத்தரவு போட்டாயிற்று என்று சட்டம் பேசினேன். மாமாவுக்குப் புரிந்தது, போனுக்குப் புரியவில்லை.

"அப்போ டவர்தான். கடற்கரைப் பக்கம் போய் அனுப்புங்க."

திருக்கழுக்குன்றம் வழியாக பஸ் பிடித்துப் போனேன். மாமல்லபுரத்தில் நாலு கோடு! வெண்ணெய் உருண்டைப் பாறை நிழலில் நின்று அனுப்பினேன். ஏரோப்ளேன் மோடு போட்டு எடுத்து அனுப்பினேன். அணைத்து, உயிர்ப்பித்து அனுப்பினேன். அந்தப் பாறையை 1908-ல் ஏழு யானை பூட்டி இழுத்தும் அசையவில்லை என்பார்கள். என்னுடையது ஒற்றை வரி. யானை ஒன்றுதான் பாக்கி.

பஸ் நிலையத்தருகே ரீசார்ஜ் கடைத் தம்பி போனைக் கையில் வாங்கக்கூட இல்லை.

"சிம் எப்ப சார் மாத்துனீங்க?"

"நேத்து சாயங்காலம்."

"இருபத்துநாலு மணி நேரம் மெசேஜ் போகவும் போகாது, வரவும் வராது."

என் பெயரில் எவனாவது சிம் வாங்கி, ஓடிபி பிடித்து, பேங்கைத் துடைத்துவிடாமல் இருக்க இந்த ஏற்பாடாம். நியாயம்தான். ஆனால் வாங்கியது நானேதான் என்பதை யாரிடம் போய்ச் சொல்வது?

ஊர் திரும்பி, கெடு முடியும்வரை கடிகாரத்தையே பார்த்திருந்து, அனுப்பினேன். பறந்தது! உடனே பதில்: சிம் மாற்றி ஏழு நாள் ஆகாமல் போர்ட் கோடு கிடையாது. 2024 ஜூலை 1 முதல் அப்படி ஒரு விதி. தம்பியைக் குறை சொல்ல முடியாது. அவனிடம் நான் இதைக் கேட்கவில்லையே.

மாமா எட்டிப் பார்த்தார். "எதுக்கும் சிம்மை இன்னொரு வாட்டி துடைச்சுப் பாருங்களேன்."

மனைவி ஒன்றும் பேசவில்லை. மேஜைமேல் கிடந்த ஊக்கை எடுத்துத் தாலிச்சரட்டில் மாட்டிக்கொண்டு உள்ளே போனாள்.