தத்துவ மாணவருக்குக் கணக்கெடுப்பு எதற்கு?

கேள்வி: தத்துவம் படிக்க வந்த என்னைக் கேள்வித்தாளோடு வீதி வீதியாக அனுப்புகிறார்கள். நியாயமா?
– ஒரு மாணவர், திருச்சி

பதில்: நியாயம்தான், கிளம்புங்கள்! போதாயன விருத்தி என்ற ஒரே நூலைப் பார்க்க ராமாநுஜரும் அவர் சீடர் கூரத்தாழ்வானும் ஸ்ரீரங்கத்திலிருந்து காஷ்மீருக்கே போனதாகக் குருபரம்பரை சொல்கிறது. ஜெராக்ஸ் கடை ஏது? ஆழ்வான் மனத்திலேயே பிரதி எடுத்துக்கொண்டார். கேள்வித்தாளுக்கும் முன்னோடி உண்டு: 1916-ல் சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர், பொருளாதார மாணவர்களைக் கேள்வித்தாளோடு கிராமங்களுக்கு அனுப்பினார். 1918-ல் அந்த ஆய்வு புத்தகமாகவே வந்தது.

உங்களுக்கு அவ்வளவு தூரம் வேண்டாம், ஸ்ரீரங்கம் ராஜகோபுர வாசல் போதும். பூக்காரம்மாவிடம் “வியாபாரம் மந்தம்தானே?” என்றால் “ஆமாம்” என்றுதான் வரும். “நேத்து எத்தனை முழம் போச்சு?” என்று கேளுங்கள், கணக்கு வரும். கேள்விக்குள் பதிலை ஒளித்து வைப்பது குற்றம் என்று தர்க்க வகுப்பில் படித்தது அங்கேதான் உறைக்கும். அவர் சொன்ன சொல்லை அப்படியே எழுதுங்கள், தயவுசெய்து திருத்தாதீர்கள்.